ஊதிக் குடிக்கிற இடம்

மார்ச் 4, செவ்வாய்

அரங்கத்து கேன்டீனில் வெண்ணெய் பன்னைச் சின்னதாக்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டது, இன்னும் மனசு ஆறவில்லை. முன்பெல்லாம் இரண்டு கையாலும் பிடித்துச் சாப்பிட வேண்டும். இப்போது இரண்டு விரல் போதும். வெண்ணெயையும் நடுவில் மட்டும் பேருக்குத் தடவியிருக்கிறார்கள். கேட்டால், எல்லாரும் இதைத்தானே சாப்பிடுகிறார்கள் என்கிறார் கேன்டீன்காரர். எல்லாரும் சாப்பிட்டால் அது நியாயமாகிவிடுமா?

நாத்தனார் வாயைத் திறக்காமல் தின்றாள். அதைப் பார்த்தும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடைவேளையில் மட்டும்தான் பன், அதற்கு முன்னால் ஒரு பட்டாணிகூடக் கூடாது என்று சட்டம் போட்டவளே அவள்தான். சட்டம் போட்டவளுக்குச் சண்டை போடத் தெரிய வேண்டாமா?

கல்யாணமான புதிதில் எனக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. ஒரு நாள் குளியலறையில் நான் பாதியில் மறந்துபோன நாடகப் பாட்டை, வெளியே துணி மடித்துக்கொண்டிருந்தவள் பாடி முடித்தாள். அன்றையிலிருந்து வாராவாரம் இருவரும் சேர்ந்தேதான் அரங்கத்துக்குப் போகிறோம்.

மார்ச் 8, சனி

இன்றும் கப்பல் நாடகம். முன் வரிசையில் ஒருத்தன் வறுவல் பாக்கெட்டைப் பிரித்தான். அதுவும் சத்தம் வராமல் பிரிக்கிறேன் என்று மெதுவாக, ஒரு பாட்டு முழுக்கப் பிரித்தான். சட்டென்று கிழித்துத் தொலைத்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

ஆனால் சூப்புப் பாட்டு வந்ததும் அவன் கையும் நின்றுவிட்டது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத பாட்டு. கப்பலில் ஒரு சமையல்காரி. அவள் மகன் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கிப் போனவன், திரும்பி வரவில்லை. எல்லாருக்கும் சூப்பை ஊற்றிக்கொண்டே பாடுகிறாள். கடைசியில் ஒரு கிண்ணம் மிச்சம். அங்கே வாத்தியமெல்லாம் நின்றுவிடும். கரண்டியில் எடுத்து ஊதுகிறாள். ஊதி ஊதி ஆற வைத்து, பக்கத்தில் ஒரு சின்னப் பையன் நிற்கிற உயரத்துக்குக் கரண்டியை நீட்டுகிறாள். அப்புறம்தான் யாரும் இல்லை என்று நினைவு வருகிறது. தானே குடித்துவிட்டு, பாதிக் குரலில் கடைசி வரி: உப்பெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அவ்வளவுதான். விளக்கு அணைகிறது.

இந்த வேடம் போடுகிற அம்மாவை நாங்களெல்லாம் கப்பலக்கா என்றுதான் சொல்வோம். ரொம்ப வருஷமாக அவர்தான் இதில் நடிக்கிறார்.

வீட்டுக்கு வந்தால் எங்கள் வீட்டுக்காரர் டிவியில் சமையல் போட்டி பார்த்துக்கொண்டிருக்கிறார். லிப்ட் பழுது பார்க்கிற மனிதருக்கு இதில் என்ன வெறியோ. முன்பு ஒரே தடவை அரங்கத்துக்குக் கூட்டிப்போனேன். பேசிக்கொண்டிருந்தவர்கள் எதற்குத் திடீரென்று பாடுகிறார்கள் என்று கேட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். வெங்காயம் வதங்குவதற்கு இங்கே அரை மணி நேரம் திகில் இசை போடுகிறார்களே, அது மட்டும் ஏனாம்?

மார்ச் 12, புதன்

அக்கிரமம். கப்பல் நாடகத்தை டிவிக்காரர்கள் படம் பிடித்து ஒளிபரப்பப் போகிறார்களாம். சந்தோஷம்தானே என்று நினைத்தால், நேரம் போதாதென்று சூப்புப் பாட்டை வெட்டுகிறார்களாம். கேப்டனின் மூன்று காதல் பாட்டும் இருக்குமாம். அந்த ஆள் மூன்றிலும் ஒரே மாதிரிதான் கையை விரிப்பான். அதில் ஒன்றை வெட்டினால் யாருக்கு நஷ்டம்?

நாத்தனார் போனில் அழுதாள். நான் அழவில்லை. நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில், கையிலிருந்த பிரேமை மேஜையில் வைத்த வேகத்தில் அதன் திருகு தெறித்துத் தொலைந்தது. முதலாளி முறைத்தார்.

மார்ச் 15, சனி

எங்கள் ரசிகர் கூட்டத்துக்கு மூன்றாம் மணிக் கூட்டம் என்று பெயர். மூன்றாவது மணி அடிப்பதற்குள் இருக்கையில் இருப்பவர்கள் என்று அர்த்தம். மருந்துக் கடைக்காரர், கணக்கு டீச்சர், இன்னும் சிலர். எல்லாரையும் இன்று அரங்கத்து வாசலில் நிறுத்தி வைத்துப் பேசினேன். தினமும் ஆளுக்கொரு தடவை டிவி அலுவலகத்துக்குப் போன் போட வேண்டும். சுற்றி வளைக்கக் கூடாது, ஒரே வாக்கியம்தான்: 'சூப்புப் பாட்டு வேணும்.' வேறு எதுவும் பேசினால் குழப்பிவிடுவார்கள் என்று நான்தான் சொன்னேன்.

நான் புதன்கிழமையிலிருந்தே கண்ணாடிக் கடையில் தேநீர் இடைவேளை வரும்போதெல்லாம் போன் போடுகிறேன். எதிர்முனையில் இருக்கும் பெண்ணுக்கு இப்போது என் குரலே பழகிவிட்டது. 'சூப்புப் பாட்டு தானேம்மா' என்று அவளே கேட்டுவிடுகிறாள்.

மார்ச் 19, புதன்

ஜெயித்துவிட்டோம்! ரசிகர்களின் வேண்டுகோளுக்கிணங்கச் சூப்புப் பாட்டு இடம்பெறும் என்று டிவியிலேயே சொல்லிவிட்டார்கள். உச்சி குளிர்ந்துவிட்டது. நாத்தனார் ஒரு முழு கேக்கோடு வந்தாள். இவர் ஒரு துண்டு தின்றுவிட்டு, நடுவில் இன்னும் வேகணும் என்றார். இருக்கட்டும். இன்று யாரோடும் சண்டை இல்லை.

மார்ச் 20, வியாழன்

சண்டை இருக்கிறது.

பாட்டு வருமாம். பாடப் போவது கப்பலக்கா இல்லையாம். மாலைத் தொடரில் மருமகளாக வந்து கண்ணைக் கசக்குகிறாளே, அந்த நட்சத்திரம். இவ்வளவு பேர் ஆசைப்பட்டுக் கேட்கிற பாட்டை எல்லாருக்கும் தெரிந்த முகம் பாடினால்தான் எடுபடுமாம். எப்படி இருக்கிறது கதை! நாங்கள் தொண்டை கிழியக் கத்தினதை எடுத்துக் கொண்டுபோய் அவள் தலையில் கிரீடமாக வைத்துவிட்டார்கள்.

போன் போட்டேன். அந்தப் பெண், 'நீங்க கேட்ட பாட்டு வருதே, இன்னும் என்னம்மா?' என்றாள். போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

இன்று கப்பலக்கா கடைக்கு வந்தார். மேடையில் பார்த்துப் பார்த்து எனக்கு அவர் உயரம் என்றே நினைப்பு. என் தோள் அளவுதான் இருக்கிறார். படிக்கிற கண்ணாடியில் மூக்குத் தாங்கி ஒன்று உடைந்திருந்தது. மாற்றிக்கொண்டே, லென்ஸும் கீறல் விழுந்திருக்கிறது, பவரும் கூடியிருக்கும், புதுசாகப் போட்டுவிடலாமே என்று ஒரு பிரேமையும் எடுத்துக் காட்டினேன். வேண்டாம் என்றார். இனிமேல் படிக்க என்ன இருக்கிறது, இதுவே போதும் என்றார்.

நான் யார் என்று சொன்னேன். நாங்கள்தான் பாட்டுக்காகப் போராடினோம், எங்களுக்கும் வயிறு எரிகிறது என்றெல்லாம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னார்: 'பாட்டைக் கேட்டீங்க, குடுத்துட்டாங்க. என்னை யாரும் கேட்கலியேம்மா.'

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ரொம்ப நன்றி என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 25, செவ்வாய்

அதெப்படி அப்படிச் சொல்லலாம்? பாட்டு என்றாலே அவர்தானே! சூப்புப் பாட்டு என்று நாங்கள் சொன்னால் அந்த ஊதல், அந்தக் கை, அந்தப் பாதிக் குரல் எல்லாம் சேர்ந்துதானே? இதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா? வேலையில்லாமலா தினமும் போன் போட்டேன்? நன்றி கெட்ட...

இல்லை. அதை அடித்துவிடுகிறேன். நன்றி சொல்லிவிட்டுத்தானே போனார்.

ஒரே வாக்கியம்தான் பேச வேண்டும் என்று சொன்னது யார்? நான். அந்த வாக்கியத்தில் அவர் எங்கே இருந்தார்? இல்லவே இல்லை. எங்களுக்குள் பேசிப் பேசி, வெளியே இருப்பவர்களுக்கு அது வெறும் பாட்டுதான் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருக்கிறது. அந்த அம்மாவின் சொந்தப் பெயர்கூட எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. என் மேலேயே எரிச்சல் எரிச்சலாக வருகிறது. முதலாளி மேலும் வருகிறது, காரணம் எதுவும் இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

டிவியில் வந்தது. நாத்தனார் வீட்டுக்கு வந்திருந்தாள். பார்க்க மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தேன். பார்த்தேன்.

நட்சத்திரத்துக்குக் குரல் மோசமில்லை, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்த ஊதிக் குடிக்கிற இடமே இல்லை! வாத்தியம் நிற்கவே இல்லை. கரண்டியை எடுத்தாள், வாயில் வைத்தாள், கண்ணீர் வழிய கேமராவைப் பார்த்து, கடைசி வரியை உச்சத்தில் பாடினாள். பின்னால் நாற்பது வயலின்.

நான் தலையில் அடித்துக்கொள்வதற்கு முன்னால் இவர் எழுந்து உட்கார்ந்தார். 'என்னடி இது, கொதிக்கிற சூப்பை ஊதாமகூடக் குடிக்கிறா. வாய் வெந்துடாது?' என்றார்.

நாத்தனார் சொன்னாள்: 'ஊதறதே அவளுக்கு இல்லண்ணா. பையனுக்கு.' அந்த இடத்தை அவருக்கு நடித்தே காட்டினாள், வீட்டுக் கரண்டியை வைத்துக்கொண்டு. இவர் அந்தக் கரண்டியைப் பார்த்தார். அப்புறம் டிவியைப் பார்த்து, 'அதை எதுக்கு எடுத்தாங்க?' என்றார். அதைத்தானே நான் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்!

ஏப்ரல் 2, புதன்

மேடையிலும் அந்த வேடத்தை நட்சத்திரத்துக்கே கொடுக்கலாமா என்று அரங்க மேனேஜர் யோசிக்கிறாராம். ஒளிபரப்புக்குப் பிறகு டிக்கெட் பறக்கிறது, வருகிறவர்கள் அவளைத்தான் விசாரிக்கிறார்கள் என்று கேன்டீன்காரர் சொன்னார். கப்பலக்காவுக்கு இந்த மாதம் வரைதான் உறுதியாம். நாங்கள் ஆரம்பித்த வேலை எங்கே வந்து நிற்கிறது பார்!

இந்தத் தடவை ஒழுங்காகக் கேட்க வேண்டும். டிக்கெட் ஜன்னலில் போய், கப்பலக்காவின் சொந்தப் பெயரைச் சொல்லி, அவங்க நடிக்கிற நாளுக்கு மட்டும் டிக்கெட் குடுங்க என்று கேட்டேன். ஜன்னலில் இருந்தவர் விழித்தார். மூன்றாம் மணிக் கூட்டத்தில் எல்லாரையும் இப்படியே கேட்கச் சொல்லியிருக்கிறேன். முதலில் பெயரை மனப்பாடம் செய்யச் சொன்னேன்.

ஏப்ரல் 5, சனி

இவர் வந்தார்! தானாகவே. நேரில் எப்படி ஊதுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். இடைவேளையில் பன்னைத் தின்றுவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது, இதற்கா ஒரு மாதமாகப் புலம்புகிறாய் என்றார். இந்த மனிதரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது?

அரங்கம் நிறைந்து வழிந்தது. முக்கால்வாசி டிவி பார்த்துவிட்டு வந்த கூட்டம். நட்சத்திரம் இல்லை என்று தெரிந்து முதல் பாதி முழுக்க முணுமுணுப்பு. சூப்புப் பாட்டு தொடங்கியதுதான் தாமதம், எல்லாரும் கூடவே பாட ஆரம்பித்துவிட்டார்கள். கப்பலக்காவின் குரலே கேட்கவில்லை. எழுந்து நின்று கத்திவிடலாம் என்று பார்த்தேன், நாத்தனார் என் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

கடைசிக் கிண்ணம் வந்தது. வாத்தியங்கள் நின்றன. கூட்டம் நிற்கவில்லை. டிவியில் கேட்ட மாதிரியே கடைசி வரிக்குப் பாய்ந்தது. உப்பெல்லாம் என்று ஒரு பெரிய கூச்சல்.

மேடையில் அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. கரண்டியில் சூப்பை எடுத்துக்கொண்டிருந்தார். பாடினவர்கள் ஒவ்வொருவராகத் தடுமாறி நிறுத்தினார்கள். எங்கோ ஒருத்தர் சிரித்தார். கப்பலக்கா ஊதினார். இன்னொரு முறை ஊதினார். சிரித்தவரும் அடங்கிவிட்டார். அவ்வளவு பெரிய கூட்டத்தில் அந்த ஊதுகிற சத்தம் மட்டும். கரண்டியை நீட்டினார்.

பக்கத்தில் இவர் தன்னை அறியாமல் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

கரண்டி திரும்பி வந்தது. குடித்தார். இப்போது எல்லாருக்கும் அந்த வரி தெரியும், ஒருத்தரும் பாடவில்லை. அவர் பாடினார்.

நான் அழுதேன். எழுதினால் என்ன, அழுதேன்தான்.

பேருந்தில் இவர், அந்தப் பையன் கடைசிவரை வரவே மாட்டானா என்று கேட்டார். வரமாட்டான் என்றேன். 'இதென்ன நாடகம்? அவனைக் கொண்டுவந்து விட்டா என்ன கெட்டுப் போச்சு?' என்று ஆரம்பித்தவர் வீடு வரும்வரை விடவில்லை. வந்து சாப்பிடும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். குழம்பை ஊதிக் குடித்தார்.

ஏப்ரல் 11, வெள்ளி

நாத்தனார் டிக்கெட் வாங்கப் போனாளாம். அவளுக்கு முன்னால் நின்ற, முன்பின் தெரியாத ஒரு பெண்மணி ஜன்னலில், 'அந்த ஊதற அம்மா இருக்கற நாள் எது?' என்று கேட்டாளாம். பெயர் தெரியாவிட்டால் போகிறது. ஆளைக் கேட்டாளே.

ஏப்ரல் 22, செவ்வாய்

பன்னில் இப்போது வெண்ணெயே இல்லை, ஏதோ எண்ணெய்ப் பசை. இதை இப்படியே விடப் போவதில்லை.

மதியம் கப்பலக்கா கடைக்கு வந்தார். லென்ஸ் மாற்ற வேண்டும் என்றார். ஒரு புது நாடகத்தின் வசனத் தாளைக் கொடுத்திருக்கிறார்களாம், எழுத்து ஒரே பொடிசாம். கப்பல் நாடகத்துக்கு அவருக்குப் பதில் வேறு யாரும் வருகிறார்களா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கண்ணைப் பரிசோதித்து பவர் எழுதினோம். முன்பு பார்த்துக் கழித்த அதே பிரேமை எடுத்து வைத்தேன். பிடித்திருக்கிறது என்றார்.

நாளைக்குச் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

'சாயங்காலம் எனக்கு நாடகம் இருக்கேம்மா' என்றார்.

'எனக்கும்தான்' என்றேன்.