ஆளுக்கொரு காது

அன்பு மகள் வாலுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு இழுத்துப் போர்த்திக்கொண்டு, நல்லபடியாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். இங்கே நாங்கள் முக்கால்வாசி சௌக்கியம். மிச்சக் கால்வாசியைக் கடிதம் முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன், பயப்படும்படி ஒன்றுமில்லை, கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படி. போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் நீ நடுவில் நடுவில் அய்யோ அய்யோ என்பாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும். அதனால்தான் திரைச்சீலைக் கடையில் மதியம் ஆள் வராத நேரமாகப் பார்த்து, தையல் மெஷின் மேலேயே தாளை வைத்து எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவேன். எழுத்து கோணலாக இருந்தால் அந்தப் பழி மெஷினுக்கு.

முதலில் உன் விஷயம். போன வாரம் என்னிடம் மட்டும் சொல்லி அழுதாயே, அன்றிலிருந்து எனக்குத் தைக்கிற துணியில் மனசு நிற்கவில்லை, ஒரு திரைச்சீலைக்கு மேல்பக்கம் கீழ்ப்பக்கம் மாற்றி மடித்துத் தைத்துவிட்டுப் பிரித்தேன். நீ சத்தம் சேர்த்துக் கொடுத்த இரண்டு வானொலிக் கதைகளும் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கின்றன, மூன்றாவதும் அப்படியே வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று உன் மேலதிகாரி சொல்லிவிட்டார் என்றாய். அதுகூடப் பரவாயில்லை. எனக்குச் சரியாத்தான்மா கேக்குது, அப்ப என் காதே சரியில்லையா, இந்த வேலைக்கே நான் லாயக்கில்லையா என்று கேட்டாய் பார், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அப்பாவிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாய். உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது கண்ணு. எங்கே கிடைத்தது என்றால், இயர்போன் வாங்கப் போன கடையில்.

நீ விட்டுவிட்டுப் போன பெரிய ஹெட்போன் என்ன கதியில் இருக்கிறது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. காதை மூடுகிற மெத்தை உரிந்து கறுப்புக் கறுப்பாகக் கொட்டுகிறது, தலையணை உறையில், சட்டைக் காலரில், ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டிலும். நடு வளைவில் விரிசல் விட்டதில், என் கடை நாடாவைச் சுற்றி அப்பா ஓட்டிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடிக் காம்பை அது அழுத்தி அழுத்தி அவர் பொட்டில் பள்ளம் விழுந்துவிட்டது. ஆனாலும் விடமாட்டார். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் நாள் முழுக்க அந்த வெட்டு இயந்திரத்தோடு நின்றுவிட்டு வந்து, முகம் கழுவிய கையோடு அதை மாட்டிக்கொண்டு உன் கதையைக் கேட்க உட்கார்ந்துவிடுவார். பள்ளிக்கூட நாளில் தகர டப்பாவைத் தட்டிப் பதிவு செய்து அவர் காதில் மாட்டினாயே, நீ ஆரம்பித்து வைத்த பழக்கம், எதைச் செய்தாலும் முதல் காது அவருடையது. கேட்டுவிட்டு அவர் உனக்கு என்ன சொல்வார் என்று நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. எல்லாம் அருமை, இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் கம்மியா இருக்கும்மா. நீயும் அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் இடப்பக்கத்தைக் கொஞ்சம் ஏற்றுவாய். இப்போதே புரிந்திருந்தால் நீ கெட்டிக்காரி, எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

காதுக்குள் செருகுகிற சின்னதாக வாங்கச் சொன்னதும் நீதான். பெருசுல கேக்குற மாதிரியே கேக்கணும்ப்பா, ஒரே சத்தத்த ரெண்டுலயும் மாத்தி மாத்திக் கேட்டுப் பாத்து வாங்குங்க என்றாயா, மனிதர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பழைய ஹெட்போனைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு கடைக்குக் கிளம்பினோம். அங்கே இருந்த விற்பனைப் பெண் நல்ல பெண், பொறுமைசாலி, கடைசிவரை முகம் கோணவில்லை. பெரியதில் உன் மழைக் கதையைக் கேட்பது, பிறகு சின்னதில் அதே இடத்தைக் கேட்பது. மழை பெய்கிறது, வீட்டு வாசலில் லாரி ஒன்று இடமிருந்து வலமாகப் போகிறது, கதவைச் சாத்துகிறார்கள், அந்த இடம். எங்கள் புத்தியைக் கேள். ஒரு டீ வாங்கினால் இரண்டு கப்பில் ஊற்றிக் குடித்தே பழகிய ஜென்மங்கள் இல்லையா, சின்னதையும் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டோம், அவர் காதில் இடது, என் காதில் வலது. கேட்டுவிட்டு அவர் உதட்டைப் பிதுக்குவார், லாரியில கனமே இல்ல, பொம்மை வண்டி மாதிரி போகுது என்பார். எனக்கோ லாரி கழுத்து மேலேயே ஏறுகிறது. காதுக்குள்ள இடுக்கில்லாம பொருந்தணும் சார், இல்லன்னா கனமான சத்தமெல்லாம் வெளிய கசிஞ்சிடும் என்று அந்தப் பெண் ரப்பர் முனையைச் சின்னது பெரியது என்று மாற்றிப் பார்த்தாள், பஞ்சு முனை போட்டுப் பார்த்தாள், கடையில் இருந்த இயர்போனையெல்லாம் எடுத்துப் பரப்பினாள். எதிலும் பொம்மை வண்டிதான். உனக்கு என்ன தெரியும் என்று அவர் சொல்ல, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று நான் சொல்ல, பக்கத்தில் சார்ஜர் வாங்க வந்தவர் எங்களை வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம் அந்தப் பெண்தான், ஆளுக்கு ஒரு காதுல கேட்டா எப்படிம்மா ஒப்பிடறது, ரெண்டையும் ஒருத்தரே போடுங்க என்றாள். அசடு வழிந்துகொண்டு இரண்டையும் அவரிடமே கொடுத்தேன். போட்டுக் கேட்டவர் முகம் மலர்ந்துவிட்டது. இதான், இதான், பெருசுல கேட்ட மாதிரியே அச்சு அசலா இருக்கு, இடப்பக்கம் கம்மியா இருக்கறதுகூட அப்படியே கேக்குது என்றார். நான் வாங்கிப் போட்டேன், இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. அந்தப் பெண்ணும் போட்டுப் பார்த்து, சமம்தான் என்றாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, திரும்பவும் மாட்டிக்கொண்டு தலையை ஆட்டுகிறார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து, அவர் வலது காதில் இருந்ததை எடுத்துவிட்டு, இடது காதில் இருந்ததைப் பிடுங்கி அங்கே செருகினேன். இதுல கம்மியா, இப்ப சொல்லுங்க என்றேன். அட, எல்லாம் கேக்குதே என்றார். சொல்லிவிட்டு அதை எடுத்து, தானாகவே இடது காதில் வைத்தார். எடுத்துத் துடைத்து வலதில் வைத்தார். மறுபடி இடதில் வைத்தார். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே நின்றார். நாளைக்கு வர்றோம்மா என்று சொல்லி அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எத்தனை நாளாகப் பக்கத்தில் படுத்துக்கொண்டு கூப்பிட்டால் என்ன என்ன என்று கேட்கிறார், போனை வலது காதில்தான் வைக்கிறார், நான் இதையெல்லாம் பெண்டாட்டி பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாத கணக்கில் சேர்த்து வைத்திருந்தேன். காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணாடி போட்ட சின்ன அறையில் உட்காரவைத்து, சத்தம் வந்தால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், வலது காதுக்கு டக் டக் என்று அமுக்கினார், இடது காதுக்கு வந்ததும் பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். இயந்திரம் எப்போதும் இடப்பக்கமாகவே இருந்ததால் அந்தக் காது பாதிக்கு மேல் மங்கிவிட்டதாம், போனது போனதுதானாம். படம் எடுத்துப் பார்த்ததில் வேறு கோளாறு எதுவும் இல்லை, வலது காது தங்கமாக இருக்கிறது, அதைக் காப்பாற்றிக்கொள்ள வேலையில் காதடைப்பான் போடச் சொல்லியிருக்கிறார், கேட்கும் கருவி வைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். இதுதான் நான் சொன்ன அந்தக் கால்வாசி.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, பிள்ளைக்கு வேலையில ஏதாச்சும் சொன்னாங்களா என்று கேட்டார். நான் உன் சத்தியத்தைக் காப்பாற்றினேன், ஆனால் என் முகம் என்றைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கிறது. உட்கார்ந்துவிட்டார். அவ நல்லாத்தான் பண்ணியிருந்தா, நான்தான் கெடுத்துட்டேன், இனிமே எனக்கு அனுப்ப வேணாம்னு சொல்லிடு என்றார். ஹெட்போனை அலமாரி மேல் தூக்கிப் போட்டுவிட்டார். இந்த வாரம் நீ கூப்பிட்டபோதெல்லாம் அப்பா குளிக்கிறார், அப்பா வெளியே போயிருக்கிறார் என்று நான் சொன்னது பொய், பக்கத்திலேயே உட்கார்ந்து கையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலம் வந்து முகம் கழுவிவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் கூடத்தில் நிற்பார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை வாலு.

நான் தனியாகக் கடைக்குப் போய் அதே இயர்போனை வாங்கிவந்தேன். முதலில் நான் இரண்டு காதிலும் போட்டுக்கொண்டு, நீ முதலில் அனுப்பிய மழைக் கதையையும், அப்பா சொன்ன பிறகு திருத்தி அனுப்பியதையும் கேட்டேன். எனக்குச் சத்தத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் முதலில் அனுப்பியதில் லாரி நம் கூடத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போகிறது. திருத்தியதில் இடப்பக்கமே நின்றுகொண்டு உறுமுகிறது. பிறகு அவரைச் சோபாவில் இழுத்து உட்காரவைத்து, நான் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து, வலதை அவர் வலது காதிலும் இடதை என் இடது காதிலும் செருகினேன். வயர் குட்டை, தலையோடு தலை ஒட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும், கல்யாணமான புதிதில்கூட உங்கப்பா இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. நீ முதலில் அனுப்பியதைப் போட்டேன். லாரி என் காதில் கிளம்பியது. வருது வருது என்று அவர் முழங்கையைத் தட்டினேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். என் காதில் அது தேய்ந்துகொண்டே போன அதே நேரம், வந்துடுச்சு என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இன்னொரு தடவ போடு என்றார்.

பெரிய ஹெட்போனில் இதைச் செய்ய முடியுமா சொல். பெரியதற்குச் சின்னது சமமா என்று நீ கேட்டாய், என் தீர்ப்பு இதுதான்.

ஆகையால் உன் காதுக்கு ஒரு குறையும் இல்லை, அதை நம்பு. அப்பாவுக்காக நீ ஏற்றியதையெல்லாம் இறக்கிவிட்டு, மூன்றாவது கதையை வெள்ளிக்கிழமை தைரியமாகக் கொண்டுபோய்க் கொடு. அதற்கு முன்னால் எப்போதும் போல முதலில் இங்கே அனுப்பு, அப்பா சொன்னதைக் கேட்டு நிறுத்திவிடாதே, நிறுத்தினால் நான் உன்னோடு பேசமாட்டேன். இன்றைக்குச் சாயங்காலம் கூப்பிடு, அவர் எடுப்பார். கேட்டீங்களாப்பா என்று வழக்கம்போலக் கேள், உச்சுக் கொட்டாதே, ஓவென்று அழுது வைக்காதே. உன் காதிலும் சத்தத்தை அளவோடு வை, சாப்பிடும்போதாவது கழற்றி வை. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், உன் கையால் சேர்க்கிற சத்தமெல்லாம் கேட்கிறவர்கள் மனசில் நிற்க வேண்டும், எங்கள் இருவரின் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். கடைசியில் ஒரு வரிக்கு இடம் விடச் சொன்னார், விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
இனிமேல் இடப்பக்கத்துக்குப் பொறுப்பான
உன் அம்மா

வலப்பக்கம் நான் கேட்டுவிட்டேன் கண்ணு, சரியாக இருக்கிறது. — அப்பா